கேட்டுப் பெற்றவை

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அதன் மேல் இரண்டு தட்டுகளில் சங்க இலக்கியப் பதிப்புகளும் உரைநூல்களும் உள்ளன. அவை என் பிழைப்பு. மூன்றாவது தட்டில் வரிசையாகக் குத்திட்டு நிற்பவை நாற்பத்து மூன்று டிவிடிகள். அவை என் பைத்தியம். வீட்டுக்கு வரும் நண்பர்கள் இலக்கியத்தைக் கடந்து நேராக மூன்றாவது தட்டுக்குத்தான் வருவார்கள். ஒன்றை உருவிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறதே, திருட்டு டிவிடியா?" என்று கேட்காதவர் குறைவு.

திருட்டு இல்லை என்று விளக்க எனக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். கடைகளில் விற்ற டிவிடிகள் அச்சு வார்ப்பில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. படத்துக்குரிய மேடு பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். பின்பக்கம் வெள்ளிபோல் மின்னும். என்னிடம் உள்ளவை வேறு வகை. ஒருவர் கேட்ட பிறகு, அவர் ஒருவருக்காக, வெற்றுத் தகட்டில் பூசிய சாயப் படலத்தை லேசர் ஒளியால் சுட்டு எழுதித் தந்தவை. அந்தச் சாயத்தின் நிறம்தான் கத்தரிப்பூ. கல்யாணப் பந்திக்கு முன்கூட்டியே சமைத்து வைப்பதற்கும், ஆள் வந்து கேட்ட பிறகு கல்லில் மாவு ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் நண்பர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது.

இவற்றில் பெரும்பாலானவை, 1920களின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட, பத்து நிமிடம் அளவே ஓடும் இசைக் குறும்படங்கள். சில மட்டும் நம் நாட்டு இசை, நடனக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள். தமிழ் சொல்லிக்கொடுப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் துறைத் தலைவர் ஒருமுறை கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அந்த விடையை நிதானமாக எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

*

கேட்ட பிறகு செய்து தரும் இசை என்பது எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. நான் பள்ளியில் படித்த காலத்தில் தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் கேசட் பதிவு செய்து தரும் கடை இருந்தது. ஒரு ஆள் நுழைந்தால் மற்றொருவர் வெளியே வரவேண்டிய அளவு இடம். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டுடன் கொடுத்தால், மூன்று நாள் கழித்துப் பதிவு செய்து தருவார்கள். நாம் எழுதிய வரிசையிலேயே பாடல்கள் இருக்கும். அட்டையின் உட்புறம் கடைக்காரரின் மணிமணியான கையெழுத்தில் பாடல் பெயர்கள். முகப்பாடலுக்கு இடம் போதாமல் பாதியில் நின்றுபோனால் அதற்கும் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'முழுமையில்லை' என்று எழுதி வைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

என் அப்பா அந்தக் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர். அதற்கு முன் அவர் இசைத்தட்டு வாங்கியது மூர் மார்க்கெட்டில். 1985இல் அது தீப்பற்றி எரிந்த செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடாமல் படுத்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு சந்தை எரிந்ததற்கு ஏன் இவ்வளவு துக்கம் என்று புரியவில்லை. எதிர்பாராமல் கையில் கிடைக்கும் பொருள்களின் உலகம் எரிந்துபோன பிறகு, பட்டியல் எழுதிக் கேட்டுப் பெறும் உலகத்துக்கு அவர் வந்து சேர்ந்தார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கேசட்டுகளில் ஒன்றில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருந்தது. அப்பா அதைப் போட்டால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. ஒருநாள் முடிந்ததும் கேட்டேன்: "அவர் வாசிக்கும்போது பார்க்க எப்படிப்பா இருப்பார்?"

அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். கேள்வி வந்ததும் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லாத நாகசுரத்தை இரு கையால் பிடித்து, கன்னத்தை உப்பி, தலையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். மூச்சை எங்கே வாங்கினார் என்று தெரியாதபடி ஒரு நீண்ட பிடி. ஒரு அரசு அலுவலக எழுத்தர் அரை நிமிடம் வேறு ஆளாகத் தெரிந்தார். பிறகு வெட்கப்பட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்துவிட்டார். 1940இல் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் அவரே கவி காளமேகமாக நடித்தார் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சல் தனிக் கட்டுரைக்கு ஆகும். ஒரு துண்டுகூட என் கைக்கு எட்டவில்லை. எனக்குத் தெரிந்த ராஜரத்தினம் பிள்ளை, ஒரு கேசட்டும் அப்பாவின் கன்னமும்தான்.

*

2010இல் அமெரிக்காவில் இருந்த என் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது, எனக்கு ஜாஸ் இசையில் சிறிது நாட்டம் உண்டு என்பது தெரிந்து, ஆறு தகடுகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தான். வார்னர் நிறுவனம் தன் பழைய கிடங்கில் கிடந்த படங்களை, கேட்டவர்க்குக் கேட்டபோது தகட்டில் எழுதித் தரும் முறையை 2009இல் தொடங்கியிருந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடித்தால் விற்காது. ஆனால் உலகில் நானூறு பேராவது கேட்பார்கள் என்ற வகைப் படங்களுக்கு அது நல்ல வழி. அன்று ஒரு படத்தின் விலை இருபது டாலருக்கு ஐந்து காசு குறைவு. நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அவன் கொண்டுவந்த தொகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் இருந்தன.

இந்தக் குறும்படங்களின் பிறப்புக் கதை சுவையானது. 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் 'டான் ஜுவான்' என்ற படத்தை வார்னர் நிறுவனம் திரையிட்டபோது, அதற்கு முன்னால் இசைக்கலைஞர்கள் பாடியும் வாசித்தும் தோன்றும் சிறு படங்களைக் காட்டியது. வைட்டாபோன் என்பது அந்த முறையின் பெயர். ஒலி படச்சுருளில் இருக்காது. பதினாறு அங்குல அகலமுள்ள இசைத்தட்டில் தனியாக இருக்கும். படம் ஓட்டுபவர் சுருளையும் தட்டையும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். அந்தத் தட்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவது. சுமார் இருபது முறை ஓட்டினால் தேய்ந்துவிடும் என்பதால் அதன் மேல் கட்டங்கள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். கட்டங்கள் நிறைந்தால் தட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

படச்சுருளிலேயே ஒலியைப் பதியும் முறை வந்ததும் வைட்டாபோன் வழக்கொழிந்தது. சுருள்கள் ஊமையாக ஆவணக் காப்பகங்களில் தங்கின. தட்டுகள் எவர் எவர் வீட்டுப் பரணிலோ கிடந்தன. சுருள் வைத்திருந்தவருக்குத் தட்டு எங்கே என்று தெரியாது. தட்டு வைத்திருந்தவருக்குச் சுருள் இருப்பதே தெரியாது. 1991இல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் கூடி 'வைட்டாபோன் புராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கி, ஒருவரையொருவர் விசாரித்து விசாரித்து, ஆயிரக்கணக்கான தட்டுகள் இருக்குமிடம் கண்டார்கள். ஊமைப் படங்கள் பல அறுபது எழுபது ஆண்டுக்குப் பின் மறுபடி பாடின. அவர்களுள் எவரும் இதற்காகச் சம்பளம் வாங்கியவர் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

தொகுப்பைப் பார்த்து முடித்ததும் அந்தக் காலத்துப் பிற இசைப் படங்களையும் தேடத் தொடங்கினேன். 1929இல் எடுக்கப்பட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்ற படம், பெஸ்ஸி ஸ்மித் என்ற மாபெரும் கறுப்பினப் பாடகி தோன்றும் ஒரே திரைப்படம். குடிக்கூடத்து மேசையில் சாய்ந்து, கண்ணை மூடி, யாருக்காகவும் அல்லாமல் அவர் பாடத் தொடங்கும் இடத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருந்தேன். ஆனால் பாடும்போது அந்தத் தோள் எவ்வளவு அசையாமல் இருந்தது என்பதை எந்த இசைத்தட்டும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. 1944இல் ஜோன் மிலி என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த 'ஜாமின் த புளூஸ்' படத்தில் லெஸ்டர் யங் தொப்பியுடன் அமர்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறார். விரலிடுக்கில் சிகரெட் புகைகிறது. அவருடன் வாசித்த கிட்டார் கலைஞர் வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதைத் திரையில் காட்டத் தயங்கிய காலம் அது; அதனால் அந்த ஒருவரை மட்டும் நிழலில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் வெட்கக்கேடும் பத்து நிமிடப் படத்துக்குள் சாட்சியாகப் பதிந்துவிட்டது. ஒலிப்பதிவு மட்டும் எஞ்சியிருந்தால் இதுவும் நமக்குத் தெரிந்திராது.

இன்னொரு வகைப் படங்கள் 1940இலிருந்து 1947 வரை வந்தவை. 'சவுண்டீஸ்' என்பார்கள். உணவு விடுதிகளில் ஒரு மரப்பெட்டி இருக்கும். பத்து சென்ட் காசு போட்டால் அதன் திரையில் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும். எட்டுப் படங்கள் ஒரே சுருளில் வரிசையாக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்து எது இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். காசு நம்முடையது, தேர்வு பெட்டியுடையது. பாண்டி பஜார் சந்தில் மூன்று நாள் காத்திருந்து தான் கேட்டதைப் பெற்ற என் அப்பா அவர்களைவிடப் பாக்கியசாலி என்று தோன்றியது.

*

இவற்றைப் பார்க்கப் பார்க்க ஒரு பொறாமை வளர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நம்மிடமும் தொடக்கம் இப்படித்தான் இருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' வெளியானது. அதே காலத்தில் குறத்திப் பாட்டும் நடனமும் அடங்கிய நான்கு ரீல் படம் ஒன்றும் வந்தது. ஆகவே தமிழ் பேசும்படத்தின் வாசற்படியிலேயே ஓர் இசைக் குறும்படம் நிற்கிறது. இரண்டில் எதையும் இன்று நாம் பார்க்க முடியாது. எஞ்சியவை விளம்பரங்களும் செய்திக் குறிப்புகளும்தான். பின்வந்த படங்கள் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகமாவது மிஞ்சியது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அத்தகைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் வைட்டாபோன் சுருள்கள் நினைவுக்கு வரும். அங்கே படம் இருந்தது, குரல் இல்லை. இங்கே பாட்டின் சொல் இருக்கிறது. குரலும் இல்லை, முகமும் இல்லை.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கர்நாடக இசையின் பெருங்கலைஞர்கள் பலர் திரையில் தோன்றினார்கள். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938இல் 'துக்காராம்' ஆனார். ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1940இல் 'சகுந்தலை'யில் துஷ்யந்தனும் சகுந்தலையுமாக நடித்தார்கள். எனினும் அவர்கள் அங்கே கிரீடம் வைத்தவர்கள், மரவுரி கட்டியவர்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, தம்புராவைப் பின்னால் வைத்து, தொடையில் தாளம் போட்டுப் பாடிய அந்த மனிதர்களைப் பத்து நிமிடம் படம்பிடித்து வைப்போம் என்ற நினைப்பு அன்று பரவலாக இருந்ததாகத் தெரியவில்லை. வீணை தனம்மாளின் வாசிப்பு 1930களில் இசைத்தட்டில் ஏறியது நம் நற்பேறு. அவர் விரல் வீணையின் தந்தியில் எப்படி இறங்கியது என்பதை, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டுக்குச் சென்றவர்கள் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு 1948இல் அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. லஸ் காமதேனு தியேட்டரில் படம் தொடங்குமுன் அவர்களின் செய்திப் படம் ஓடும். நாங்கள் முறுக்கு வாங்கப் போய்விடுவோம். அந்த அமைப்பு எடுத்தவற்றுள் எத்தகைய செல்வங்கள் இருந்தன என்று நாற்பது வயது நெருங்கும்போதுதான் தெரிந்தது. தும்ரிப் பாடகி சித்தேஸ்வரி தேவியைப் பற்றி மணி கௌல் 1989இல் எடுத்த 'சித்தேஸ்வரி' ஒன்று போதும், முறுக்கு வாங்கப் போன எல்லா நாள்களுக்கும் வருந்துவதற்கு. 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷன், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

*

என் சேகரிப்பில் உள்ள இந்தியப் படங்கள் பெரும்பாலும் கோட்டூர்புரத்தில் இருந்த ஒரு நண்பரிடமிருந்து வந்தவை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எங்கெங்கோ விண்ணப்பம் எழுதிப் போட்டு, பதிலுக்கு ஆறு மாதம் காத்திருந்து, படங்களின் பிரதிகளை வாங்கிச் சேர்ப்பதே அவர் முழுநேர வேலை. முந்நூறு தகடுகளுக்கு மேல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் எனக்குப் பிரதி எடுத்துத் தரத் தயாராகவும் இருந்தார். "என்ன வேணும்னு சொல்லுங்க சார், ராத்திரியே சுட்டுத் தர்றேன்" என்பார். நான்தான், இவரிடம்தானே இருக்கின்றன, எங்கே போய்விடும் என்று, அவ்வப்போது ஒன்றிரண்டு மட்டும் கேட்டு வாங்கினேன். ஐந்து ஆண்டில் கேட்டவை பதினொன்று.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அவர் குடியிருந்தது தரைத்தளம். உயிருக்கு ஆபத்தில்லை, மாடி வீட்டார் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து நான் போனபோது, வாசலில் சேற்றோடு சேறாக உறைகளும் தகடுகளும் குவிந்து கிடந்தன. கழுவிக் காயவைத்துப் பார்த்தோம். சாயப் படலம் பல இடங்களில் பொரிந்துபோயிருந்தது. அவர் அழவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

பதினொன்று என்றேன்.

"அப்ப பதினொண்ணு இருக்கு" என்றார்.

இன்றுவரை எனக்கு வலிக்கும் சொல் அது. நான் முப்பது கேட்டிருந்தால் முப்பது இருந்திருக்கும். கேட்பதற்கு எனக்கு ஒரு செலவும் இருக்கவில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று 'பாலா'. பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த, அரை மணிக்குச் சற்றே அதிகமாக ஓடும் படம். மும்பையின் நிகழ்கலைகளுக்கான தேசிய மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்தவை. ராய் பதினான்கு வயதுச் சிறுவனாக 1935இல் கல்கத்தாவில் அவர் ஆடிப் பார்த்தவர். அதைப் படம் பிடிக்க நாற்பத்தோரு ஆண்டு ஆயிற்று; அப்போது பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இளமையில் எடுத்திருக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எடுத்திருக்கலாம்தான். எட்டு ஆண்டு கழித்து, 1984இல், அவரும் மறைந்துவிட்டார்.

படத்தை வாங்கியது என் அத்தைக்காக. அப்பாவின் அக்கா, மாநகராட்சிப் பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரக்குளத்தின் அருகே ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாலசரஸ்வதியின் ஆட்டத்தை ஒன்றுவிடாமல் பார்த்தவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் முடியும். "அவங்க கூப்பிட்டா கிருஷ்ணன் வந்துதான் தீரணும்டா" என்பார். வியாசராயரின் புகழ்பெற்ற யமுனா கல்யாணிப் பாடலைச் சொல்கிறார். ராயின் படத்தில் பாலா கடற்கரையில், காற்று சேலைத் தலைப்பை அலைக்கழிக்க ஆடுவதும் அதே பாடலுக்குத்தான்.

தகடு 2011இலேயே என் கைக்கு வந்துவிட்டது. அத்தை வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை. நம் வீட்டுக்கு அழைத்துவந்து போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தேர்வுத்தாள் திருத்தம், பிள்ளையின் படிப்பு, வீடு மாற்றம். இதற்கிடையே அத்தையின் விழித்திரை பழுதடையத் தொடங்கியது. நேராகப் பார்ப்பது மங்கி, ஓரப்பார்வை மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. 2017 பொங்கல் விடுமுறையில் ஒருநாள் ஆட்டோ வைத்து அழைத்துவந்தேன். அவருக்கு வயது எண்பத்தொன்று.

தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலி போட்டு, முகத்தைச் சற்றே திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்தார். பழைய புகைப்படங்கள் வரும்போதெல்லாம் "யாருடா, யாருடா?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடலலைச் சத்தம் வந்தது. பாட்டுத் தொடங்கியது. அத்தை பேச்சை நிறுத்தினார்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. தகட்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன்; அதே இடத்தில் நின்றது. கணிப்பொறியில் போட்டேன், அது அந்த இடம்வரைகூட வரவில்லை. ஆறு ஆண்டு மயிலாப்பூர்க் கடற்காற்றிலும் வெயிலிலும் சாயம் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. மூலப் பிரதி கோட்டூர்புரத்தில் சேறாகிவிட்டது.

நான் தகடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை அத்தை கவனிக்கவில்லை போலும். பாட்டு நின்ற இடத்திலிருந்து அவரே முணுமுணுப்பாகத் தொடர்ந்தார். மடியிலிருந்த வலக்கை உயர்ந்தது. அத்தை நடனம் கற்றவர் அல்லர். அந்தக் கை ஒரு குழந்தையை அழைத்தது. வராததால் சற்றே கோபித்தது. பிறகு, ஒளிந்திருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் முகம் வேறு பக்கம் திரும்ப, கை மட்டும் கீழே தாழ்ந்து, விரல் நுனியால் மறுபடி கூப்பிட்டது.

"இதுதான்டா. இதைத்தான் உனக்கு எத்தனையோ தடவை சொன்னேன்" என்றார்.

என் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. அதை எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெஸ்ஸி ஸ்மித்தின் தோளுக்காகவும் லெஸ்டர் யங்கின் விரலுக்காகவும் கடல் கடந்து தகடு வரவழைத்தவன், கண்முன்னால் நாற்காலியில் இருந்த கையைப் பதிவு செய்யாமல், "காபி சாப்பிடறீங்களா அத்தை?" என்று கேட்டேன். அடுத்த ஆண்டு அத்தை காலமானார்.

*

இப்போது 'பாலா' இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. என் மாணவர்கள் பேருந்தில் போகும்போது கைப்பேசியில் பார்க்கிறார்கள். பிறகு எதற்கு இந்தத் தகடுகள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய வாதம் எதுவும் இல்லை. இணையத்தில் இருப்பதும் எவரோ ஒருவர் தேடி எடுத்து ஏற்றியதால் இருப்பதுதான். நீக்கினால் போய்விடும் என்பதை மட்டும் சொல்வேன். தகடுகளில் உள்ளவற்றை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றைக் கோட்டூர்புரத்து நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறார்.

ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் குறளில் 'கேள்வி' அதிகாரம் நடத்துகிறேன். கேட்டல் என்றால் செவியால் கேட்டல், கேள்வி என்றால் கற்றோர் சொல்லக் கேட்டு அறிதல் என்று உரையாசிரியர் வழியில் விளக்குவேன். அண்மைக்காலமாக அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். செவியால் கேட்பதற்கும், வேண்டும் என்று கேட்பதற்கும், வினவுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். முன்னோர் எதை எண்ணி அப்படி வைத்தார்களோ, இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எவரோ வாய்விட்டுக் கேட்டதால்தான் சில தட்டுகள் பரணிலிருந்து இறங்கின, நான் கேட்டதால் பதினொன்று தப்பின, கேட்காததால் மற்றவை போயின.

கட்டுரையின் தொடக்கத்தில் நாற்பத்து மூன்று தகடுகள் என்று சொன்னேன். படம் நின்றுபோகும் அந்தத் தகட்டையும் சேர்த்தால்தான் நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றாவதை நானே எழுதினேன்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, அப்பாவிடம் போய், "ராஜரத்தினம் பிள்ளை வாசிப்பதை ஒருமுறை காட்டினீர்களே, மறுபடி காட்டுங்கள்" என்றேன். அப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. "எப்படா காட்டினேன்? எதுக்கு இப்ப?" என்றார். எதிரே கைப்பேசியை நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்ததும் மறுத்தார். கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த தோடியைப் போட்டேன். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து நிற்க முடியவில்லை; உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் கன்னத்தை உப்பினார்.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. நடுவில் இருமல் வருகிறது. மூச்சு வாங்கும் இடம் நன்றாகவே தெரிகிறது. அதை ஒரு வெற்றுத் தகட்டில் எழுதி, உறையில் அப்பாவின் பெயரையும் தேதியையும் குறித்து, கீழே அந்தப் பழைய கேசட் கடைக்காரர் செய்வதுபோல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'முழுமையில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.